சோடனைக்காரர்

சிறுத்தையின் காலடி எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. வாழ்நாளில் அவர் சிறுத்தையைக் கண்டதில்லை. குடாநாட்டில் பிறந்து வளர்ந்த எங்களில் எவருமே கண்டதில்லை. எங்களிடம் இருக்கிற பெரிய காட்டு மிருகம் நரி, அதையும் ஊர் நாய்கள் நிம்மதியாக இருக்க விடுவதில்லை. ஆனாலும் மணற்காட்டு மணலில் முழங்காலில் நின்று, மடக்கிய விரல் முட்டிகளால் நாலு குத்து, உள்ளங்கையால் ஓர் அழுத்து என்று பத்தடி தூரத்துக்குச் சிறுத்தையை நடக்கவிட்டார். பிறகு எழும்பி, சாரத்தில் கையைத் துடைத்துக்கொண்டு, "பின்கால் ஒண்டு கொஞ்சம் நொண்டுது பாருங்கோ. காயம் பட்ட மிருகம். அதுக்குத்தான் கூடப் பயப்பிடவேணும்," என்றார். அப்போது மத்தியானம். பக்கத்தில் பதினொரு பேர் கொத்துரொட்டிப் பொதியைப் பிரித்துக்கொண்டிருந்தோம். எல்லாம் தெரிந்த நானே சவுக்கங்காட்டை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டுதான் அடுத்த வாய் சாப்பிட்டேன்.

சிறுத்தை என்றுதான் சொல்லவேண்டும், மற்ற இரண்டெழுத்துப் பெயர் தவறியும் வாயில் வரக்கூடாது என்று எங்கள் முதலாளி முதல் நாளே எச்சரித்திருந்தார். "காட்டுக்கை ஒளிச்சிருக்கு எண்டு வேறை சொல்லப்போறியள். பிறகு ஆர் போய் விசாரணைக்குப் பதில் சொல்லுறது?" அன்றைக்கு எல்லோரும் சிரித்தோம். சிறுத்தையை நடக்கவிட்டவர் மட்டும் சிரிக்கவில்லை. இப்போதும் அந்தக் காலடிகளை ஒரு சவுக்கங் கொப்பால் மூடிக்கொண்டு, கமரா வரும்வரை காவல் இருந்தார்.

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. நேரில் அண்ணை என்போம், இல்லாத நேரத்தில் சோடனைக்காரர் என்போம். கொக்குவிலில் இருக்கிற எங்கள் ஸ்ரூடியோ கலியாணவீடு, சாமத்தியவீடு என்று வீடியோ எடுத்துப் பிழைக்கிற இடம். நான் அங்கே படத்தொகுப்பும் ஒலிப்பதிவும் பார்க்கிறேன். அவர் மணவறை சோடிக்க வந்தவர். சோடனை என்றால் எங்கள் பக்கத்தில் அலங்காரம். இல்லாத ஒன்றைக் கட்டி உண்டாக்கினாலும் அதே சொல்தான்: சோடிச்ச கதை, சோடிச்ச வழக்கு. ஒரே சொல் இரண்டு வேலைக்கும் எப்படி வந்ததென்று யாராவது கேட்டால், நான் அவரைத்தான் காட்டியிருப்பேன்.

ஒரு கலியாணவீட்டில் பொம்பிளை புகுந்த வீட்டுக்கு வெளிக்கிடும்போது அழவில்லை. கமரா காத்து நிற்கிறது, தாய் அழுது முடித்துவிட்டார், பெண் மட்டும் கல்லாக நிற்கிறாள். இவர் போய் அவளுடைய தலைப்பூவைச் சரிசெய்வதுபோலக் குனிந்து காதில் என்னவோ சொன்னார். அடுத்த கணம் அந்தப் பிள்ளை உடைந்து அழுதாள். வீடியோவில் இன்றைக்கும் அந்த இடத்தைப் பார்க்கிறவர்கள் கண் கலங்குவார்கள். என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். "ஒண்டுமில்லைப் பிள்ளை. அறைக்கை உம்மடை கட்டிலைக் கழட்டுறாங்கள் எண்டன்," என்றார். முழுப் பொய். ஆனால் அடுத்த கிழமை அந்தக் கட்டிலை உண்மையாகவே கழற்றி, அறையை வாடகைக்கு விட்டார்களாம். அதைக் கேள்விப்பட்டபோது எனக்கு அவரில் ஒரு பயம் வந்தது. அந்தப் பயம் கடைசிவரை போகவில்லை, அவர் மேலிருந்த அன்பும் போகவில்லை.

இப்படி இருந்த எங்களைத் தேடிக் கனடாவிலிருந்து ஒரு தம்பி வந்தார். தாய் தகப்பன் நெல்லியடிப் பக்கம். தம்பி கனடாவிலேயே பிறந்தவர். யூரியூப்பில் அவருக்குப் பெரிய கூட்டம் இருந்தது. ஒரு மனிதன், ஒரு கத்தி, ஏழு நாள், ஆளில்லாக் காடு, அதுதான் நிகழ்ச்சி. தம்பி நல்ல பிள்ளை, ஆனால் தவளைக்குப் பயம். இரவில் நெல்லியடியில் குளிரூட்டிய அறையில் படுத்துவிட்டு, காலையில் வந்து முகத்தில் சாம்பல் பூசிக்கொண்டு, தான் விடிய விடியக் கண்மூடவில்லை என்று கமராவுக்குச் சொல்லுவார். காட்டை உண்டாக்குகிற பொறுப்பு சோடனைக்காரருக்கு. அவரோ பிளாஸ்டிக் மல்லிகைக்குத் தண்ணீர் தெளித்த அதே பக்தியோடு வடமராட்சி கிழக்கைக் காடாக்கத் தொடங்கினார்.

மணற்காட்டில் தோண்டினால் நாலைந்து அடியில் நல்ல தண்ணீர் வரும். அங்கே எல்லோருக்கும் தெரிந்த விஷயம். இவர் என்ன செய்தார் என்றால், இரண்டடியில் ஒரு வாளியைப் புதைத்து, கடையில் வாங்கிய போத்தல் தண்ணீரை அதற்குள் ஊற்றி, மேலே மணலைப் பரப்பினார். தம்பி கையால் கிளறிக் கிளறி, உதடு வெடித்தவர் மாதிரி அந்தத் தண்ணீரைக் கண்டுபிடிக்கவேண்டும்.

"அண்ணை, உண்மையான தண்ணி இன்னும் ரெண்டடி கீழை கிடக்குதே?" என்றேன்.

"கிடக்கு. ஆனா கலங்கலாக் கிடக்கும். மெள்ள மெள்ளத்தான் ஊறும். தாகத்திலை கிடக்கிறவனுக்கு அந்தளவு காணும். பாத்துக்கொண்டிருக்கிறவனுக்குக் காணாது." வாளியின் விளிம்பை மணலால் மறைத்துக்கொண்டே, "பொய் எண்டா அது தன்ரை பாட்டிலை வடிவா வரும் பிள்ளை. உண்மைக்குத்தான் சோடனை வேணும்," என்றார்.

புழு தின்னுகிற காட்சியும் அப்படித்தான். அது வெள்ளிக்கிழமையில் வந்து விழுந்துவிட்டது. தம்பியின் தாய் கனடாவிலிருந்து தொலைபேசியில், வெள்ளிக்கிழமை மச்ச மாமிசம் வாயில் வைக்கக்கூடாது என்று ஒரே பிடி. புழு மச்சமா இல்லையா என்று முதலாளியும் தாயும் அரைமணி நேரம் கதைத்தார்கள். இதற்கிடையில் இவர் உழுத்தம்மாவையும் சீனியையும் குழைத்து உருட்டி, விரலால் வரி வரியாக அழுத்தி, தலைக்குக் கடுகு வைத்து ஆறு புழுக்கள் செய்துவிட்டார். உக்கிய பனங்குற்றிக்குள் இருந்து தம்பி அதை எடுத்து வாயில் வைத்தார். வெறும் உழுத்தம்மா என்று தெரிந்திருந்தும் அவரால் விழுங்க முடியவில்லை, கண்ணால் நீர் வழிய வழியத்தான் விழுங்கினார். அந்தக் காட்சியைத்தான் சனம் ஆகக் கூடுதலாகப் பார்த்தது.

ஒருநாள் மட்டும் அவர் சோடிக்காமல் ஒன்று சொன்னார். பசி காட்டவேண்டிய காட்சி. தம்பி வயிற்றைப் பிடித்துக்கொண்டு முகத்தைச் சுளித்தார். இவர் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு, "பசிச்சவன் வயித்தைப் பிடிக்கமாட்டான் தம்பி," என்றார். "பக்கத்திலை இருக்கிறவன்ரை வாயைப் பாப்பான். அது அசையுதோ எண்டு."

"உங்களுக்கு எப்பிடியண்ணை தெரியும்?" என்று கேட்டவள் நான். கேட்டிருக்கக்கூடாது.

"வன்னியிலை கடைசி நேரம் இருந்தனாங்கள்," என்றார். போர் முடிந்த அந்தக் கடைசி மாதங்களைப் பற்றி வேறு ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. சிறுத்தைக்கே நொண்டல் வைத்த மனிதர், தன்னுடைய சொந்தக் கதையை அப்படி மொட்டையாக விட்டுவிட்டார். முதலாளி, பார்க்கிறவர்களுக்கு வயிற்றைப் பிடித்தால்தான் விளங்கும் என்றார். இவர் உடனே தலையாட்டி, "ஓம், ஓம், வயித்தைப் பிடியுங்கோ தம்பி. அதுதான் வடிவு," என்றார்.

தம்பிக்குத் தமிழ் தெரியும், ஆனால் வீட்டுக்குள் வளர்ந்த தமிழ். எங்காவது வெளிக்கிட்டால், "நான் போறன் அக்கா," என்று சொல்லிவிட்டு நடப்பார். எங்கள் ஊரில் அது வாயில் எடுக்கக்கூடாத சொல். போகிறவர் திரும்பி வரவேண்டும், ஆகவே போய்விட்டு வருகிறேன் என்ற அர்த்தத்தில் போட்டு வாறன் என்றுதான் சொல்லுவோம். போறன் என்றால் ஒரேயடியாகப் போகிறதென்று அர்த்தம். தம்பி அதைச் சொல்லும் ஒவ்வொரு முறையும் என் வாய் தானாகவே, "போறன் எண்டு சொல்லப்படாது, போட்டு வாறன் எண்டு சொல்லுங்கோ தம்பி," என்று சொல்லிவிடும். அவர் சிரித்துக்கொண்டு, "சொறி அக்கா, போட்டு வாறன்," என்பார். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை நடக்கும். எங்கள் குழுவில் அது பகிடியாகவே மாறிவிட்டது.

சோடனைக்காரருக்கு ஒரு கட்டாயம் இருந்தது. எந்த ஆபத்துக் காட்சியையும் முதலில் தான் செய்து பாராமல் தம்பியை விடமாட்டார். மணற்கும்பி சரிந்து தம்பியை மூடுகிற காட்சிக்காக, முந்தின நாள் இவர் குழிக்குள் இறங்கி இருந்தார். மேலே இரண்டு பேர் மண்வெட்டியால் மணலைத் தள்ளினார்கள். கழுத்துவரை வந்ததும், இவ்வளவும் போதும் என்று இவர், "காணும், காணும்!" என்று கத்தினார். அவர்கள் நிறுத்தவில்லை. நடிக்கிறார் என்று நினைத்து இன்னும் தள்ளினார்கள். வாய்க்குள் மணல் போனபிறகுதான் எனக்கு விளங்கி நான் ஓடிப்போய்க் கத்தினேன். வெளியே இழுத்தெடுத்தபோது மணலைத் துப்பித் துப்பிச் சிரித்தார்.

"காணும் எண்டா எங்கடை ஆக்கள் நிப்பாட்டாயினம். சோறு போடேக்கையே நிப்பாட்டுறேல்லை," என்றார். எல்லோரும் சிரித்தோம். விருந்தாளி காணும் என்றால் இன்னும் ஓர் அகப்பை போடுகிற சனம் நாங்கள்.

பிளேன்ரீ குடிக்கும்போது அவரே கதையைத் தொடங்கினார். "இனி ஒரு சொல் வைப்பம். உண்மையா உயிருக்கு ஏலாமப் போனாச் சொல்லுற சொல். ஐயோ எண்டாலும் நடிப்பெண்டு நினைப்பியள். காப்பாத்துங்கோ எண்டாலும் அப்பிடித்தான். ஒருத்தரும் நடிப்புக்கும் சொல்லாத சொல்லா வேணும்."

"என்ன சொல்லண்ணை?"

கிளாசைக் கீழே வைத்தார். "போறன்."

எனக்கு உடம்பு கூசியது. "உந்தச் சொல் வேண்டாமண்ணை. வாயாலை வரப்படாது."

"அதுதான் பிள்ளை. வாயாலை வரப்படாத சொல் வந்தா, உண்மை."

முதலாளி சரி என்றார். எல்லோரும் சரி என்றோம். தம்பி அந்த நேரம் எங்கள் வான் வண்டிக்குள் நித்திரை. அந்தச் சொல்லை நாள் முழுக்கச் சொல்லித் திரிகிற ஆள் ஒருவர் எங்களோடு இருக்கிறார் என்பது எங்களில் ஒருவருக்கும் நினைவுக்கு வரவில்லை. எனக்கு வந்திருக்கவேண்டும். அவரைத் திருத்திக்கொண்டிருந்தவள் நான்தானே.

கார்த்திகை மாதம் நிகழ்ச்சியின் கடைசிப் பகுதிக்காக நீரேரிக்கரைக்குப் போனோம். தம்பி ஆளை இழுக்கிற சுரிச் சேற்றில் புதைந்து, தன் முயற்சியால் வெளியே வரவேண்டும். உண்மையான சுரி அங்கே தாராளமாக இருந்தது. ஆனால் இவர் அதை நம்பவில்லை. கரையோரம் ஒரு கிடங்கு வெட்டி, அடியில் பழைய கதவுப் பலகை ஒன்றைப் போட்டு, கல்லும் சிப்பியும் பொறுக்கி எடுத்த களிமண்ணால் நிரப்பினார். பலகையில் கால் ஊன்றி நின்றால் நெஞ்சுவரைதான் இறங்கும். கையெட்டுகிற தூரத்தில், சுரிக்குள் மறைத்து, ஒரு கயிறு. அதன் மறுமுனை கண்டல் வேரில் கட்டியிருந்தது. காலையில் தம்பியின் முகத்துக் காட்சிகள் எல்லாம் முடிந்தன. பிறகு மழை பிடித்துக்கொண்டது. தம்பிக்குக் குளிர் பிடித்து நடுங்கத் தொடங்கவும், முதலாளி அவரை வானுக்குள் அனுப்பினார்.

மிச்சம் இருந்தது ஒரேயொரு தூரக் காட்சி. பரந்த வெளி, மழை, நடுவில் ஒரு மனிதன். முகம் தெரியாது. ஆகவே சோடனைக்காரர் தம்பியின் சட்டையைப் போட்டுக்கொண்டு இறங்கினார். நாங்கள் கமராவோடு எதிர்ப்பக்க அணைக்கட்டுக்குப் போனோம், கூப்பிட்டால் கேட்காத தூரம். வழக்கமாகக் கயிற்றுக்குப் பக்கத்தில் ஒருவர் நிற்பார். அன்றைக்கு அவரையும் விலக்கவேண்டி வந்தது, இல்லாவிட்டால் படத்தில் விழுவார். அந்த நிகழ்ச்சி தொடங்கிய நாளிலிருந்து அன்றைக்குத்தான் ஒரு மனிதன் உண்மையிலேயே தனியாக நின்றான். அப்போது எனக்கு அது உறைக்கவில்லை. வெளி அழகாக இருந்தது, அதைத்தான் நினைத்தேன்.

சுரியின் சத்தம் தேவை என்று அவருடைய சட்டைக்குள் மைக் வைத்து, பிளாஸ்டிக் சொப்பின் பையால் சுற்றிக் கட்டியிருந்தேன். தம்பியின் மைக்கை வானுக்குள் கழற்ற மறந்துபோனேன். இரண்டும் என் ஒரே ஹெட்போனுக்குள் கேட்டன, கமரா மைக்கும் சேர்ந்து எல்லாம் ஒரே பதிவில் விழுந்தன. நான் சொல்லுவது வோக்கியில் வானுக்குக் கேட்கும். சுரியில் நிற்கிறவருக்குக் கேட்காது.

அவர் தம்பியின் வசனங்களையும் தன்பாட்டில் சொல்லிக்கொண்டு இறங்கினார். "ஐயோ, ஆராவது இருக்கிறியளோ?" என்றார். நடுவில், "முதலாளி, வடிவா இருக்கோ?" என்றார். பிறகு மூச்சு மட்டும். மழை அந்தப் பையில் பொரிகிறமாதிரி விழுந்துகொண்டிருந்தது. அதற்குள் மெல்லிய ஒரு குரல், சத்தம் போடாமல், ஒருவரிடம் சொல்லுகிற மாதிரிச் சொன்னது.

"போறன்."

மழைக்குள் யாருடைய குரல் என்று பிரித்துப் பார்க்க நான் முயலவில்லை. அந்தச் சொல்லைச் சொல்லுகிறவர் எங்களுக்குள் தம்பி ஒருவர்தான். சாப்பிட வெளிக்கிடுகிறார் ஆக்கும் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டே வோக்கியை அமத்தி, "போறன் எண்டு சொல்லப்படாது, போட்டு வாறன் எண்டு சொல்லுங்கோ தம்பி," என்றேன்.

திரையில் சுரிக்குள் நின்றவருடைய ஒரு கை மேலே எழுந்து, விரிந்து, மெதுவாக மடங்கியது. முதலாளி கமராவிலிருந்து கண் எடுக்காமல், "அந்தக் கையைப் பார்! இண்டைக்குத்தான் மனிசன் உண்மையாச் செய்யுது," என்றார். நானும் பார்த்தேன். வடிவாகத்தான் இருந்தது.

எவ்வளவு நேரம் போனதென்று எனக்குத் தெரியும். ஒலிப்பதிவில் இருக்கிறது. இங்கே எழுத விருப்பமில்லை. வான் நிற்கிற இடத்திலிருந்து அணைக்கட்டுக்கு மழைக்குள் நடந்து வருகிற நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தம்பி தலையில் துவாயைப் போட்டுக்கொண்டு என் பின்னால் வந்து நின்றார்.

"அக்கா, நான் போறன் எண்டு சொல்லேல்லையே," என்றார். "நான் ஒண்டுமே கதைக்கேல்லை."

நான் கத்திய சத்தத்தில் முதலாளி கமராவைத் தட்டி விழுத்தினார். எல்லோரும் ஓடினோம். சுரியில் ஓட முடியாது, ஒவ்வொரு காலையும் கையால் இழுத்தெடுத்து வைக்கவேண்டும். மழையில் கிடங்கின் ஓரம் கரைந்து, பலகை சரிந்து போயிருந்தது. கயிறு இருந்த இடத்தில் இருந்தது. அவர்தான் பலகையோடு தள்ளிப் போய்விட்டார். கயிற்றுக்கும் அந்தக் கைக்கும் இடையில் நாலு விரல் தூரம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகமுதலே எல்லாம் முடிந்திருந்தது.

பொலிசுக்கு முதலாளி நடந்ததைச் சொன்னார், அவருக்குத் தெரிந்ததை. அவசரத்துக்கு ஒரு சொல் வைத்திருந்தோம், அதை அவர் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் ஓடியிருப்போம் என்றார். செத்தவீட்டில் அது வாய்க்கு வாய் போனது. கடைசி மூச்சு வரைக்கும் நடித்துக்கொண்டே செத்த மனிசன் என்றார்கள். உயிரில் ஆசை இல்லாமல்தான் சும்மா கிடந்தவராக்கும், வன்னியால் வந்தபிறகு ஆள் ஒருமாதிரித்தானே என்று ஒருவர் சொன்னார். நான் ஒரு கதிரையில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் அந்தச் சொல்லைச் சொன்னவர், அது என் காதில்தான் விழுந்தது என்று எழும்பிச் சொல்ல ஒரு நிமிடம் போதும். நான் சொல்லவில்லை. தம்பிக்கு மட்டும் அரைகுறையாக விளங்கியிருக்கவேண்டும். விமான நிலையத்துக்கு வெளிக்கிடும்போது எல்லோரிடமும் விடைபெற்றவர், என்னிடம் வரவில்லை.

அந்தியேட்டிக் கிரியை முடிந்த மறுநாள் சோடனைக்காரருடைய மனைவி ஸ்ரூடியோவுக்கு வந்தார். வெள்ளைச் சீலை, கையில் குடை. வாங்கில் இருக்கச் சொன்னேன். நுனியில் இருந்தார்.

"பிள்ளை, நீர்தானே காதிலை போட்டுக்கொண்டு இருந்தனீர்?"

"ஓமக்கா."

"அவர் கூப்பிட்டவரோ? ஊர் என்னவோ எல்லாம் கதைக்குது. இருக்க விருப்பமில்லாமக் கிடந்த மனிசன் எண்டுகினம். அவர் கூப்பிட்டவரோ இல்லையோ எண்டு எனக்குத் தெரியவேணும். பதிஞ்சிருந்தாப் போட்டுக் காட்டும்."

தேடி எடுக்க இரண்டு நாள் வேண்டும் என்றேன். தேடுவதற்கு ஒன்றும் இல்லை, எந்த நொடியில் இருக்கிறதென்று மனப்பாடம். அந்த இரண்டு நாளும் நான் வேறொரு வேலை செய்தேன். பழைய பதிவுகளிலிருந்து அவருடைய குரலைப் பொறுக்கினேன். "ஒருக்காப் போட்டுப் பாருங்கோ" என்று அவர் எங்கோ சொன்னதிலிருந்து "போட்டு". "நில்லுங்கோ, வாறன்" என்றதிலிருந்து "வாறன்". இரண்டையும் ஒட்டி, மூச்சுக்கு மூச்சுச் சேர்த்து, அன்றைய மழையை மேலே பரப்பினேன். போட்டு வாறன். கடைசியாக மனைவியை நினைத்து அதைத்தான் சொன்னார் என்று சொல்லிவிடலாம். அந்த மனுசிக்கு ஆறுதலாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய்தான். உண்மையான பதிவில் அவருடைய சொல்லுக்குப் பின்னால் என்னுடைய சிரிப்பு இருக்கிறது. அதை ஒருவரும் கேட்கக்கூடாது என்பதற்காகத்தான் இரண்டு நாள் நித்திரை முழித்தேன்.

சொன்னபடி மனைவி வந்தார். போட்டுக் காட்டினேன். மழை, மூச்சு, பிறகு அந்தக் குரல்: "போட்டு வாறன்." என் வேலையில் ஒரு குறையும் இல்லை. நானே ஒரு கணம் நம்பிவிட்டேன்.

அவர் குடையை வாங்கில் சாத்தி வைத்தார்.

"குரல் அவரின்ரைதான்," என்றார். "ஆனா அவர் உந்தச் சொல் சொல்லுறேல்லைப் பிள்ளை. வன்னியிலை, பங்கருக்கை என்னையும் மகளையும் விட்டிட்டு, போட்டு வாறன் எண்டு சொல்லிப்போட்டுக் கஞ்சி வாங்கப் போனவர். வரேக்கை மகள் இல்லை. அண்டையிலை இருந்து எங்கை வெளிக்கிட்டாலும் ஒண்டும் சொல்லாமல் இறங்கிப் போயிடுவார். பதின்மூண்டு பதினாலு வருசமா ஒருத்தருக்கும் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை."

இத்தனை நாளும் படப்பிடிப்பு முடிந்ததும் அவர் சொல்லாமல் கொள்ளாமல் மறைந்துபோனது ஏன் என்று அப்போதுதான் விளங்கியது. ஊரெல்லாம் மறுக்கிற போறன் என்ற சொல் அவருக்கு ஏன் கூசவில்லை என்பதும் விளங்கியது.

"உள்ளதைப் போடும்," என்றார்.

போட்டேன். மழை பொரிந்தது. "முதலாளி, வடிவா இருக்கோ?" என்றார் அவர். மூச்சு. மூச்சு. "போறன்." அதற்குப் பின்னால் மிகக் கிட்ட, மிகத் தெளிவாக, சிரிப்போடு என் குரல், போட்டு வாறன் எண்டு சொல்லுங்கோ தம்பி.

நிறுத்தக் கை நீட்டினேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு இருந்த நேரம் முழுவதும் ஓடியது. முதலாளி கையைப் பார்க்கச் சொன்னது, மழை, கடைசியில் தம்பியின் குரல், நான் கத்தியது, எல்லாம்.

"கூப்பிட்டிருக்கிறார்," என்றார் அவர். குரலில் அழுகை இல்லை.

"ஓமக்கா."

"நீ கேட்டிருக்கிறாய்."

அதுவரை நீர் என்று கதைத்தவர், நீ என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். மன்னிப்புக் கேட்கச் சேர்த்துவைத்திருந்த வசனங்கள் எல்லாம் நினைவில் வந்தன. எல்லாமே வடிவாக இருந்தன, ஒன்றையும் சொல்ல முடியவில்லை.

"இன்னொருக்காப் போடு."

நான் திரும்பவும் தொடக்கத்துக்குப் போய் அமத்தினேன். அவர் திரைப்பக்கம் பார்க்கவில்லை. மணிக்கட்டையும் விடவில்லை. என் குரல் வருகிற இடம் வரைக்கும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.